எதிர் நாற்காலி

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

ஆண்டவன் புண்ணியத்தில் அத்தானும் நானும் சௌகரியமாக இருக்கிறோம். அத்தானுக்கு முழங்கால் வலி மட்டும் மாடிப்படியைப் பார்த்ததும் வருகிறது, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்ததும் போய்விடுகிறது. உன் வயிற்றுப்புண் எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் புத்தகம் அச்சாகி வந்துவிட்டதென்று உன் வீட்டுக்காரி போனில் அத்தானிடம் சொன்னாளாம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் பேசியது காற்றோடு போய்விடும். கடிதம் கணக்கில் நிற்கும். செய்தி கேட்டதும் சாமி அலமாரி முன்னால் நின்று அழுதுவிட்டேன். நம் வீட்டிலிருந்து ஒரு புத்தகம்! ஒரு பிரதி அனுப்பு. அட்டை போட்டு வைத்துக்கொள்கிறேன்.

கூடவே என் ஏழு நோட்டுகளையும் அனுப்பிவிடு. 'ஒரு மாசம் பாத்துட்டுத் தரேன்க்கா' என்று நீ எடுத்துப்போய் இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகின்றன. எட்டாவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பழையதைப் புரட்டிப் பார்க்காமல் எனக்குக் கை ஓடவில்லை.

பிரார்த்தனைக் கூடத்துப் பின்னறையில் ஆங்கில வகுப்பு நன்றாக நடக்கிறது. இப்போது பதினான்கு பெண்கள். கிளினிக்கில் சீட்டு எழுதுகிற பெண்ணை உனக்கு ஞாபகம் இருக்கும், கிளினிக்காரி என்று கூப்பிடுவோமே, அவளுக்கு என் எதிரே உட்கார்ந்தால் ஆங்கிலம் குழாய்த் தண்ணீர் மாதிரி வருகிறது. போன வாரம் கூடத்துச் செயலாளர் சும்மா எட்டிப் பார்க்க வந்தவர், எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதே கேள்வி, அதே பெண். நாலு இடத்தில் தடுக்கி விழுந்தாள். வீட்டுக்கு வந்து விளக்கேற்றிவிட்டு வழக்கம்போல நினைவிலிருந்து நோட்டின் கட்டங்களை நிரப்பினேன். பேசியது யார், சொன்னது என்ன, பிழை எது, எதிரில் இருந்தது யார். அந்த நாலாவது கட்டம்தான் எனக்கு உயிர். பிழை பேசுகிறவள் வாயில் இல்லை தம்பி, எதிர் நாற்காலியில் இருக்கிறது. பதினோரு வருடக் கணக்கு அதைத்தான் சொல்கிறது. அதனால்தான் வகுப்பில் நான் பென்சிலைத் தொடுவதே இல்லை. எழுதிக்கொண்டே இருக்கிறவள் எதிரே எவள் வாயைத் திறப்பாள்?

உடம்பைப் பார்த்துக்கொள். நோட்டுகளை மறக்காதே.

உன் அக்கா


ஜனவரி 31

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. நாங்கள் நலம். வயிறு பரவாயில்லை. அத்தானை மாடிப்படியில் சாப்பாடு வைத்துப் பழக்கிப் பார்.

புத்தகம் கையில் இருந்ததெல்லாம் பெரியவர்களுக்குக் கொடுத்துத் தீர்ந்துவிட்டது. அடுத்த அச்சு வந்ததும் அனுப்புகிறேன். வந்தாலும் உனக்கு அது ருசிக்காது அக்கா. முழுக்க ஆங்கிலம், அதிலும் மொழியியல் ஆங்கிலம். எனக்கே சில பக்கங்கள் இரண்டாம் தடவைதான் விளங்குகின்றன. ஆங்கிலம் கற்கிறவர்களுக்கு மொழியியலை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் விஷயம். உன் நோட்டுகளும் கொஞ்சம் உதவின.

அவை கல்லூரி அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. சாவி ஆபீஸ் குமாஸ்தாவிடம், அவர் விடுப்பில். வந்ததும் பார்க்கிறேன்.

புது வருட டயரி ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன். கணக்கு எழுத உதவும்.

அன்புடன்
தம்பி


பிப்ரவரி 26

அன்புத் தம்பிக்கு,

இங்கு கடவுள் கிருபையால் குறைவில்லை. அங்கும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன். டயரி வந்தது. தாள் நல்ல கனம்.

உன் புத்தகத்தை நம் நூலகக்காரர் எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்துவிட்டார். 'யாரும்மா இது, உங்க சொந்தமா?' என்றார். கூடப் பிறந்தவன் என்றேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்தொன்பது நாளில் முடித்தேன். நீ பயந்த அளவுக்கு ருசி கெட்டதாக இல்லை.

அச்சு அருமை. மூன்றாம் அத்தியாயத்துக்கு 'கேட்பவர் விளைவு' என்று பெயர் வைத்திருக்கிறாய். எதிர் நாற்காலியைப் பற்றி பதினான்கு பக்கம், கோர்வையாக வந்திருக்கிறது. ஐந்தாம் அத்தியாயத்தில் என் நோட்டின் ஓரத்தில் நான் வைத்த சிவப்புப் புள்ளிகளை எண்ணி கிராஃப் போட்டிருக்கிறாய். கோடு ஏறிக்கொண்டே போகிறது, பார்க்க அழகாயிருக்கிறது. நன்றி சொல்லும் பக்கத்தில் முப்பத்தெட்டுப் பேர். தட்டச்சு செய்தவர், கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தவர், உன்னோடு காலையில் நடக்கப் போகிறவர். இரண்டு தடவை எண்ணினேன்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் 'கற்பவர் எண் ஏழு' என்று ஒரு பெண்மணி வருகிறாள். அகராதி வைத்து நான் தமிழில் மாற்றிக்கொண்டது இது: 'நடுத்தர வயது இல்லத்தரசி. ஏழாம் வகுப்போடு நின்றவர். ஆய்வாளர் சொல்லச் சொல்லக் குறிப்பேடுகளை எழுதியவர். பேச்சில் பக்தி மிகுதி. ஆங்கிலத்தில் இதற்கு மேல் முன்னேற வாய்ப்பில்லை.'

பாவம் அவள். எங்கேயாவது பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல்.

நோட்டுகள் எப்போது வரும்? குமாஸ்தா விடுப்பிலிருந்து திரும்பியிருப்பார். வயிற்றுக்குக் காரம் சேர்க்காதே.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தேர்வு வேலையில் பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. நீயும் அத்தானும் சுகம்தானே?

கோபமா அக்கா? கோபமாக இருந்தால் நேரே திட்டிவிடு. ஆய்வில் யார் பெயரையும் போடக் கூடாது, எண்தான் போட வேண்டும். அது விதி. நோட்டு வேறு, ஆராய்ச்சி வேறு. செங்கல் கொடுத்தவர் பெயரை வீட்டு வாசலில் யாரும் எழுதுவதில்லையே. அந்தச் செங்கல் இல்லாமல் வீடு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இப்போது ஒரு உதவி. துறைத்தலைவர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது. இருபது வருடமாக நான் காத்திருந்தது. மே 20 அன்று ஐந்து பேர் கொண்ட குழு முன்னால் என் புத்தகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேச வேண்டும். மூல நோட்டுகளைப் பார்க்க வேண்டுமாம். அதனால்தான் அவற்றை இப்போது அனுப்ப முடியவில்லை. கற்பவர்களில் ஒருவரையும் நேரில் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நீ வர வேண்டும் அக்கா. உன்னை விட்டால் எனக்கு யார்?

இன்னொன்று. அந்தச் சிவப்புப் புள்ளி எதற்காக வைத்தாய்? முன்னேற்றம் தெரிந்த நாளில் வைத்தது என்று எடுத்துக்கொண்டேன். சரிதானே? ஒரு வரி எழுது.

அன்புடன்
தம்பி


ஏப்ரல் 10

அன்புத் தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். உன் கடிதம் வந்த அன்றே அத்தானுக்குக் காலில் எண்ணெய் தேய்த்தபடி வாசித்துக் காட்டினேன். செங்கல் உதாரணத்தில் நிறுத்தச் சொன்னார். 'கட்டினதும் அவ, சுண்ணாம்பு அடிச்சதும் அவ. இவன் போர்டு மாட்டிக்கிட்டு செங்கல்லுங்கிறானா?' என்றார். அவருக்கு ஆராய்ச்சியெல்லாம் என்ன தெரியும், நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

கட்டாயம் வருகிறேன். நீ கூப்பிட்டு நான் எதற்கு வராமல் இருந்தேன்?

சில விவரம் தேவை. அறை எவ்வளவு பெரியது? நீ நின்று பேசுவாயா, உட்கார்ந்தா? குழுவினர் எந்தப் பக்கம்? எனக்கு நாற்காலி எங்கே? தனியாகப் பயணம் செய்ய அத்தான் விடமாட்டார், அவர் காலோ படியேறாது. கிளினிக்காரியைத் துணைக்கு அழைத்துவருகிறேன். அவளுக்கும் ஒரு பெரிய இடத்தைப் பார்த்த மாதிரி இருக்கும்.

நீ வயிற்றைக் காயப் போடாதே. பரபரப்பில் சாப்பிட மறந்துவிடுவது உன் சுபாவம்.

அக்கா


ஏப்ரல் 18

என் அருமை அக்காவுக்கு,

நீ வருகிறாய் என்றதும் பாதி பாரம் இறங்கியது. நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அறை நடுத்தரம். நான் மேடையில் நிற்பேன். குழு என் இடது பக்கம் நீள மேஜையில். பார்வையாளர் வரிசை எனக்கு எதிரே. நீ எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்.

தப்பாக நினைக்காமல் கேள். இந்தப் பதினோரு வருடத்தில் உன் ஆங்கிலம் நன்றாகவே தேறிவிட்டது. புத்தகத்தில் எண் ஏழு அவ்வளவு பேசமாட்டாள். குழுவிலிருந்து யாராவது உன்னிடம் பேச்சுக் கொடுத்தால் பழைய மாதிரி கொஞ்சம் தட்டுத்தடுமாறிச் சொன்னால் போதும். எளிமையான புடவையே கட்டி வா. நோட்டைப் பற்றிக் கேட்டால் 'தம்பி சொன்னான், எழுதினேன்' என்று சொல். ஒரு நாள் கூத்து அக்கா. அதற்குப் பிறகு உன் வகுப்புக்கு என்ன வேண்டுமோ எல்லாம் நான் செய்கிறேன்.

புள்ளி விஷயத்துக்கு நீ பதில் எழுதவில்லை. ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அதன் மேல் நிற்கிறது. குழுத் தலைவர் அம்மா அதைத்தான் குடைவார் என்று கேள்வி. உடனே எழுது.

தம்பி


ஏப்ரல் 29

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவன் அருளால் நலம். நீ கேட்டபடி தட்டுத்தடுமாறிப் பேச எனக்கு வராது. தெரிந்ததைத் தெரியாத மாதிரி சொல்வது ஆண்டவன் முன்னால் பொய்க்கணக்கு எழுதுவது. அதனால் ஒன்று செய்கிறேன். அங்கே வாயே திறக்கமாட்டேன். சாமி அலமாரி முன்னால் நின்று சொல்லிவிட்டேன், மாற்றமில்லை. உனக்கு அது இன்னும் வசதிதானே?

ஒரே ஒரு ஆசை. முதல் வரிசையில், உனக்கு நேர் எதிரே உள்ள நாற்காலி எனக்கு வேண்டும். நீ பேசுவதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, சாயங்காலம் ஆனால் அப்பா மர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உன்னை எதிரே நிறுத்தி ஆங்கிலப் பாடம் கேட்பார். கையில் சிவப்புப் பென்சில். ஒரு பிழைக்கு ஒரு கோடு. கோடுகளை எண்ணிய பிறகுதான் உனக்குச் சாப்பாடு. நான் அவர் முதுகுக்குப் பின்னால் துணி மடித்தபடி நிற்பேன். நீ என் முகத்தைப் பார்த்துச் சொன்ன நாளில் ஒரு கோடும் விழாது. எதிர் நாற்காலிக் கணக்கை நான் முதலில் படித்தது அங்கேதான். அதை உன் புத்தகத்தில் தேடினேன். காணவில்லை.

அப்பா வாங்கி வைத்திருந்த பென்சில்களில் கடைசி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில்தான் புள்ளி வைப்பேன்.

புள்ளி என்ன என்பதை நேரில் பேசிக்கொள்வோம். சாப்பிட்டு, தூங்கி, தெம்பாக இரு.

அக்கா


மே 8

அக்கா,

நலம்தானே? எனக்கு நேர் எதிர் நாற்காலியையே உனக்கு ஒதுக்கச் சொல்லிவிட்டேன். பெயர்ச்சீட்டும் ஒட்டியிருப்பார்கள். உனக்கென்று ஒரு ஆசை வந்தால் நான் மறுப்பேனா?

புள்ளிக்குப் பதில், ஒரே வரி போதும், ப்ளீஸ்.

தம்பி


மே 23

அக்காவுக்கு,

நீங்கள் பத்திரமாக வீடு சேர்ந்ததாக அத்தான் போனில் சொன்னார். நான் நலமா என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

பெயர்ச்சீட்டில் 'கற்பவர் எண் ஏழு' என்று ஒட்டியிருந்தது குமாஸ்தா செய்த வேலை. நான் சொல்லவில்லை. நீங்கள் அதை மெல்லப் பிய்த்து, நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் பேசினேன். தலைவர் அம்மா தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் நீங்கள் கைப்பையிலிருந்து உங்கள் எட்டாவது நோட்டை எடுத்து மடியில் விரித்தீர்கள். அந்தப் பென்சிலை எடுத்தீர்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு கோடு போட்டீர்கள்.

அந்த முதல் கோட்டுக்கு நான் பிழை விடவில்லை அக்கா. சத்தியமாக விடவில்லை. இரண்டாவது கோட்டுக்கு விட்டேன். பிறகு விட்டுக்கொண்டே இருந்தேன். ஆங்கில ஆசிரியர்களுக்கே பாடம் எடுப்பவன், வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு முடிக்கத் தெரியாமல் நின்றேன். கேட்பவர் விளைவு கற்கிறவர்களுக்குத்தான் என்று எழுதியவன் நான். என் மூன்றாம் அத்தியாயம் என் வாயிலேயே நடந்தது.

தலைவர் அம்மா புள்ளியைக் கேட்டார். முன்னேற்றக் குறி என்றேன். யார் வைத்தது, எந்த அளவுகோலில் வைத்தது என்றார். உங்களைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் அப்பா முதுகுக்குப் பின்னால் உங்கள் முகத்தைத் தேடுவேனே, அப்படித் தேடினேன். நீங்கள் அப்பா மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் சொன்னேன், இவையெல்லாம் என் அக்காவின் நோட்டுகள் என்று. யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. அதையாவது கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பதவி வேறொருவருக்குப் போகிறது. புத்தகத்தைப் பற்றி விசாரணை. நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றினீர்கள். திருப்திதானே?

அந்தப் புள்ளி என்ன? இப்போதாவது சொல்லுங்கள்.

தம்பி


ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

இங்கு நலம். உன் கடிதத்தில் 'நீ' போய் 'நீங்கள்' வந்திருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் கிடைத்த மரியாதை. வைத்துக்கொள்கிறேன்.

கணக்கு இதோ. மொத்தம் முப்பத்தொரு கோடு. பிழைகளை நான் மூன்றாகப் பிரிப்பேன் என்று உனக்குத் தெரியும், உன் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயமே அதுதான். தெரியாமல் விடுவது, தெரிந்தும் வாய் தவறுவது, ஊறிப்போய் இனி மாறாதது. உன்னுடையதில் தெரியாமல் விட்டது ஒன்றுகூட இல்லை. எல்லாம் இரண்டாம் வகை. மூன்றாம் வகையில் ஒன்றை எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் அது ஆங்கிலப் பிழை இல்லை.

கடைசியில் 'இவையெல்லாம் என் அக்காவின் நோட்டுகள்' என்று ஆங்கிலத்தில் சொன்னாயே, அந்த வாக்கியத்தில் பிழையே இல்லை. உச்சரிப்புக்கூடச் சுத்தம். நீ கேட்காமலேயே அதைக் குறித்துவைத்திருக்கிறேன்.

முதல் கோடு பொய். ஒப்புக்கொள்கிறேன். பதினோரு வருடத்தில் நான் எழுதிய ஒரே பொய்க்கணக்கு அது. வீட்டுக்கு வந்ததும் சாமி அலமாரி முன்னால் நின்று சொன்னேன்: 'போட்டேன். தெரிஞ்சுதான் போட்டேன். அவன் என்னை ஏழுன்னு எழுதினதும் தெரிஞ்சுதானே எழுதினான்.' மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்பு வரவும் இல்லை.

புள்ளியைக் கேட்டாய். வகுப்பில் எவள் மிகவும் தடுக்கி விழுந்து கண் கலங்கினாளோ, அவள் பெயரைச் சொல்லி அன்று விளக்கு முன்னால் வேண்டிக்கொண்டேன் என்பதற்கு அடையாளம். அளவுகோலும் இல்லை, மொழியியலும் இல்லை. ஒருத்திக்காக எத்தனை நாள் வேண்டினேன் என்ற கணக்கை நீ கிராஃப் போட்டிருக்கிறாய். கோடு ஏறியதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் அதை அந்த ஐந்து பேரிடம் நீ எந்த ஆங்கிலத்தில் சொல்லியிருப்பாய்? ஒரே வரியில் ஏப்ரலிலேயே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நீ மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் எழுதவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் படித்த அன்றே முடிவெடுத்தேன்.

உன் பெயருக்கு எதிரே முப்பத்தொரு கோடு இருக்கிறது. புள்ளி ஒன்றுகூட வைக்கவில்லை.

ஏழு நோட்டுகளும் இந்த மாதத்துக்குள் வர வேண்டும். வயிற்றுக்கு மருந்து சாப்பிடு.

அக்கா


ஜூன் 30

ஏழு நோட்டுகளும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. புத்தகத்தின் மீதிப் பிரதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மறு அச்சு வந்தால் அட்டையில் உங்கள் பெயர்தான் இருக்க வேண்டும் என்று விசாரணைக் குழு சொல்லியிருக்கிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

கிளினிக்காரியிடம் ஒரு வார்த்தை. அன்று எல்லோரும் டீ குடிக்கப் போனதும் அவள் மட்டும் என் பக்கத்தில் வந்து, 'சார், தண்ணி குடிங்க' என்று டம்ளரை நீட்டினாள். நன்றி சொல்ல மறந்துவிட்டேன். சொல்லிவிடுங்கள்.

தம்பி


ஜூலை 21

அன்புத் தம்பிக்கு,

இங்கு அத்தானுக்கு முழங்கால் தேவலை. நோட்டுகள் ஏழும் வந்தன. பக்கங்களை எண்ணினேன், சரியாக இருக்கின்றன. மூன்றாவது நோட்டின் அட்டை கிழிந்திருந்ததை நீ ஒட்டியிருக்கிறாய். பார்த்தேன். உன் கடிதத்தில் நலம் விசாரிப்பு இல்லை. தெரியாமல் விட்ட பிழை இல்லை அது என்று குறித்துக்கொண்டேன்.

பெயர் அட்டையில் வரும் என்று அத்தான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். காய்கறிக்காரர் என்னை 'ப்ரொபசரம்மா' என்று கூப்பிட்டுவிட்டு எடையில் ஏமாற்றுகிறார்.

நீ செய்தது செய்ததுதான். நான் செய்ததும் செய்ததுதான். அதைப் பற்றி எழுத இந்தக் கடிதத்தை எடுக்கவில்லை. வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தானிடம் சொன்னேன். 'அவளுக்கு அன்னைக்குத் தலைவலியா இருக்கும்' என்றார். இது உனக்கு மட்டும்தான் புரியும்.

கிளினிக்காரிக்கு வருகிற மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் நேர்முகம். வரவேற்பு மேஜை வேலை. அது கிடைத்தால்தான் மகளின் படிப்பை நிறுத்தாமல் இருக்க முடியும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பழக்கிப் பார்க்க உட்கார்ந்தோம். மற்றப் பெண்கள் போய்விட்டார்கள். நீ சொன்ன நன்றியை முதலில் சொன்னேன். 'ஐயோ, தண்ணிதானேம்மா' என்றாள். இதுவரை 'அக்கா' என்று கூப்பிட்டவள்.

அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வருகிற கேள்வியைக் கேட்டேன். நீ யார், என்ன வேலை செய்கிறாய், அவ்வளவுதான். ஆறு வருடமாக என் எதிரே ஒரு தடவைகூடத் தடுக்காதவள், பெயரைச் சொன்னாள், அதற்கு மேல் நின்றுவிட்டாள். மறுபடி தொடங்கினாள். மறுபடி நின்றாள். 'என்னடி ஆச்சு, நான்தானே?' என்றேன். 'ஆமாம்மா, நீங்கதான்' என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ஒன்றும் இல்லை தம்பி. உள்ளங்கையை விரித்தே காட்டினேன். அப்போதும் அவளுக்கு வரவில்லை.

நாற்காலியை மாற்றிப் போட்டேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டேன். ஐந்து பிழை.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றினேன். கட்டங்களை நிரப்பினேன். பேசியது: கிளினிக்காரி. சொன்னது: பெயரும் வேலையும். பிழை: ஐந்து. நாலாவது கட்டத்தை அன்று நிரப்பவில்லை. அத்தான் வந்து, 'கணக்கு முடியலையா?' என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாளும் அப்படியே விட்டுவைத்தேன். கணக்கில் ஒரு கட்டத்தைக் காலியாக விடுவது எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். மூன்றாம் நாள் உட்கார்ந்து எழுதினேன்.

எதிரில் இருந்தது: நான்.

உன் வயிறு எப்படி இருக்கிறது? மருந்தை நிறுத்திவிடாதே. இதற்குப் பதில் எழுது.

அக்கா